வெயில் தின்ற தொட்டில்

பிள்ளையார்பாளையத்தில் நாகலிங்க மரத்துச் சந்தில் ஏழு வருஷமாகப் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் தொட்டில் ஒன்றுதான். பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் வயரில் பின்னிய தொட்டில். ஒரு வீட்டுக் குழந்தை தவழ ஆரம்பித்ததும் அது அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே இன்னும் பிரசவம் ஆகவில்லையென்றால் யார் வீட்டிலாவது காத்திருக்கும். யாருடைய தொட்டில் என்று கேட்டால் எல்லோரும் ரேணுகாம்பாளுடையது என்பார்கள். கடைசியாக அது அவள் வீட்டில் எப்போது இருந்தது என்று கேட்டால் அவளுக்கே சட்டென்று சொல்ல வராது.

ரேணுகாம்பாள் தாமல் கிராமத்துக்காரி. ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். பஸ் கண்டக்டர் தணிகாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு இந்தச் சந்துக்கு வந்தபோது, சுற்றிலும் அநேக வீடுகளில் பட்டுத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் தறி இல்லை. புருஷன் விடியற்காலையில் டிக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். அத்தனை கைகளும் நெய்துகொண்டிருக்கும் இடத்தில் தன் கை மட்டும் சும்மா இருப்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது. எதிர்வீட்டு சனாவுல்லா பாய் கடைத்தெருவில் பிளாஸ்டிக் சாமான் விற்பவர். அவரிடம் ஒரு கட்டு வயர் வாங்கி, ஒரு பழைய கூடையைப் பிரித்துப் பார்த்து, முடிச்சுகளைத் தானாகவே கற்றுக்கொண்டாள். முதலில் கூடை, பிறகு சின்னப் பை, பிறகு நாற்காலிக்குக் கட்டுவது. அறுபத்தொன்பதாம் வருஷம் வயிற்றில் ஆறு மாதம் ஆனபோது தொட்டிலில் கை வைத்தாள்.

இரும்புச் சட்டத்தைக் கொல்லுப் பட்டறையில் வளைத்து வாங்கியாயிற்று. நிறம் பொறுக்க எதிர்வீட்டுப் பெண் சைதுன் வந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. சனாவுல்லா பாயின் மகள் என்பதால் வயர்க் கட்டுகள் அவளுக்கு விளையாட்டுச் சாமான். கிளிப்பச்சை ஒன்று, மாம்பழ மஞ்சள் ஒன்று என்று எடுத்து மடியில் போட்டாள்.

"ரெண்டும் பட்டுப்புடவை கலர்க்கா. குழந்தை புடவைக்குள்ள தூங்குற மாதிரி இருக்கும்" என்றாள்.

இரண்டு மாதம் பின்னினார்கள். மத்தியானத்தில் ரேணுகாம்பாள் முடிச்சுப் போட, சைதுன் வயரை நீட்டி நீட்டிக் கொடுப்பாள். ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் வயரின் மேல் விழுந்து, தரையில் பச்சை நிழலும் மஞ்சள் நிழலுமாக நெளியும். வயர் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் சத்தமும், பக்கத்து வீட்டுத் தறிச் சத்தமும் சேர்ந்து இருவருக்கும் கண்ணைச் சொக்க வைக்கும். சில சமயம் கை பின்னிக்கொண்டே இருக்க, ரேணுகாம்பாள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். முழித்துப் பார்த்தால் நான்கு வரிசை கூடியிருக்கும். யார் பின்னினார்கள் என்றே தெரியாது. தூக்கத்தில் பின்னினாலும் ஒரு முடிச்சுகூடத் தவறியிருக்காது.

அந்தத் தொட்டிலில் முதலில் தூங்கியவள் ரேணுகாம்பாளின் மகள் அலமு. அவளுக்குப் பிறகு சந்தில் ஐந்து குழந்தைகள்.

எழுபத்தாறாம் வருஷம் சித்திரையில் சைதுன் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். அவளை வாலாஜாபாத்தில் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை லியாகத் அலி அங்கே அரிசி மில்லில் வேலை பார்த்தான். பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. பதினைந்து நாள் கழித்து ரேணுகாம்பாள் பார்க்கப் போனபோது, சுவரோரம் புடவைத் தூளியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சைதுன் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"அக்கா, இதெல்லாம் நாப்பதாம் நாள் வரைக்கும்தான். அப்புறம் நம்ம தொட்டில்லதான் போடணும். வாலாஜாபாத்துல இருக்கறப்பவே சொல்லிக்கினு இருந்தேன். அவரு சிரிக்கிறாரு. தொட்டில்ல இன்னா இருக்குதுன்றாரு. அவருக்கு இன்னா தெரியும், நானும்தான அத்தப் பின்னுனேன்?"

"பின்னே? உன் தொட்டில்தான் அது. நாளைக்கே கொண்டாந்து கழுவி வைக்கிறேன்" என்றாள் ரேணுகாம்பாள்.

தொட்டில் கடைசியாகப் போயிருந்தது சந்தின் கோடியில் உள்ள ஜெயம்மாள் வீட்டுக்கு. ஜெயம்மாளின் பையனுக்கு இப்போது மூன்று வயது ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மத்தியானம் ரேணுகாம்பாள் போய்க் கேட்டபோது, தறிக்குப் பாவு நூல் சுற்றிக்கொண்டிருந்த ஜெயம்மாள் கையை நிறுத்தாமல் மேலே காட்டினாள்.

"மாடியில இருக்குதுபா. கீழ வச்சா எலி கடிச்சுடும். பட்டு இருக்கற வீடு, எலிக்குச் சொல்லணுமா? அதான் பத்திரமா மேல ஏத்தி வச்சிட்டேன். பிளாஸ்டிக்குதான, மழை வெயிலுக்கு இன்னா ஆவப் போவுது?"

ரேணுகாம்பாள் படியேறினாள். மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. அக்கினி நட்சத்திரம் முடியாத நாட்கள். எதிரே கோபுரங்கள் அனலில் மெல்ல அசைந்தன, தண்ணீருக்குள் நின்று பார்ப்பது போல. சத்தமே இல்லை. காக்கைகூட எங்கோ போய் ஒதுங்கியிருந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டியின் மேல் அவளுடைய தொட்டில் கவிழ்ந்து கிடந்தது.

இரண்டு வெயில் காலம் அது அங்கேயே கிடந்திருக்கிறது. ஒரு பக்கம் கிளிப்பச்சை அப்படியே இருந்தது. வெயில் பட்ட பக்கத்தில் பச்சை வெளுத்துப் பாசி நிறமாகியிருந்தது. மஞ்சளைக் காணவே காணோம். எலும்பு மாதிரி ஒரு வெளுப்பு. ரேணுகாம்பாள் குனிந்து தடவினாள். விரலில் சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒட்டியது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி தடவினாள். மறுபடியும் ஒட்டியது. அழுக்கு என்றால் ஒரு தடவையில் போயிருக்க வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன் அவள் கையில் வழுக்கிக்கொண்டு ஓடிய வயர் இது. இப்போது சொரசொரவென்று நின்றது. கை அதை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவினாள். தண்ணீர் பட்டதும் நிறம் கொஞ்சம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. காய்ந்ததும் போய்விட்டது. தொட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாயில் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்தாள். ஒரு சொப்பனம். சூரியன் சந்துக்குள் இறங்கி வருகிறது. பெரிய மஞ்சள் பசு மாதிரி மெதுவாக, யாரையும் முட்டாமல் வருகிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நாக்கை நீட்டி நக்குகிறது. கிணற்றடியில் நீல வாளி. நக்குகிறது, வெளுக்கிறது. கொடிக் கயிறு. நக்குகிறது, பஞ்சாகிறது. அதற்குக் கோபமே இல்லை. கன்றை நக்குவது போல அத்தனை ஆசையாக நக்குகிறது. அவள் கதவைச் சாத்த ஓடுகிறாள், கால் நகரவில்லை.

எழுந்தபோது வேர்த்திருந்தது. முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனாள். நீல வாளி நிஜமாகவே அங்கே இருந்தது. போன மாதம் அதன் காது உடைந்து, கயிறு கட்டி வைத்திருந்தது. உடைந்த இடத்தை இன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தாள். அதே சுண்ணாம்பு. கொடி கட்டியிருந்த நைலான் கயிற்றை முறுக்கிப் பார்த்தாள். நார் நாராகக் கையில் வந்தது. அலமுவின் பழைய ரப்பர் செருப்பு ஓட்டுக் கூரை மேல் கிடந்தது. எடுத்து வளைத்தாள். அப்பளம் மாதிரி இரண்டாக வந்துவிட்டது.

இதெல்லாம் ஏதோ மட்டமான சாமான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். சாயம் தோய்த்த பட்டு நூலை நிழலில்தான் காயப் போட வேண்டும் என்பது அந்தச் சந்தில் தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பிளாஸ்டிக்குக்கும் நிழல் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

அன்று சாயந்திரம் சைதுனின் அம்மா உம்முசல்மா ஒரு கிண்ணத்தில் சேமியா பாயசம் எடுத்துக்கொண்டு வந்தாள். தொட்டிலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சா? பொண்ணு காலையிலேர்ந்து அதே பேச்சா இருக்குறா."

ரேணுகாம்பாள் கிண்ணத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"பாயம்மா, இது வேணாம். நான் வேற பின்னித் தரேன்."

"ஏன், இன்னா ஆச்சு இதுக்கு?"

"வெயில் தின்னுடுச்சு."

உம்முசல்மா தொட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு வயர்கூட அறுந்திருக்கவில்லை. ஒரு முடிச்சுகூட நெகிழவில்லை. "நல்லாத்தானே இருக்குது? கலர்தானே போயிருக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். ஐந்து வீட்டுக்குப் போன தொட்டில், தன் வீட்டுக்கு வரும்போது மட்டும் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குள் ஓடியிருக்க வேண்டும். அதை அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் ரேணுகாம்பாளை அதிகம் குத்தியது.

சற்று நேரத்தில் சனாவுல்லா பாயே வந்தார். அவருக்கு வேறு விதமான கோபம்.

"ரேணுகாம்மா, என் கடை வயரு போயிடுச்சுன்னு சொன்னியாமே? பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நான் சொல்லிக் குடுத்த சரக்கு அது. ஊர் பூரா என் வயர்லதான் கூடை பின்னிக்கினு இருக்குறாங்க. உன் வாயால இப்பிடி ஒரு பேச்சு வந்தா நான் கடையில இன்னா பதில் சொல்றது?"

"சரக்கைச் சொல்லல பாய். நெழல்ல இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ரெண்டு வருஷம் மாடியிலே கிடந்துக்கினு இருந்திருக்குது."

"மாடியில கிடந்தா? துணியா அது, நைஞ்சு போறதுக்கு?"

அவர் தொட்டிலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அறவில்லை. உத்தரத்துக் கொக்கியில் மாட்டச் சொன்னார். தணிகாசலம் வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்திருந்தான். அவனைக் கொண்டு பாதி அரிசி மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தார். சட்டம் லேசாக முனகியது. வயருக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் மணி நேரம் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சந்தில் போன இரண்டொருவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப இன்னா சொல்ற? பச்சைக் குழந்தை, கோழிக்குஞ்சு வெயிட்டு இருக்குமா?" என்றார் பாய்.

ரேணுகாம்பாள் மறுபடி வயரைத் தடவினாள். விரல் நுனியில் அந்தச் சொரசொரப்பு இருந்தது.

"குடுக்க மாட்டேன் பாய்" என்றாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். எதிர்வீட்டுக் கதவு சாத்திய சத்தம் கேட்டது. அது எப்போதும் சாத்துகிற சத்தம்தான், இருந்தாலும் வேறு மாதிரி கேட்டது.

"அறுவல இல்ல? குடுத்துட்டுப் போயேன். எதுக்கு இத்தினி வம்பு?" என்றான் தணிகாசலம்.

"உங்க பஸ்ஸு டயரு தேஞ்சு போயி ஓடாமலா இருக்குது? ஓடிக்கினுதான் இருக்குது. ஒரு நாள்தான வெடிக்குது?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு யோசித்தான். "சரி, உன் இஷ்டம்" என்றான்.

நான்கு நாள் சைதுன் வாசலுக்கே வரவில்லை. குழந்தை அழும் சத்தம் மட்டும் சந்தைத் தாண்டி வரும். ரேணுகாம்பாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு சமயம் தனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூட நினைத்தாள். சொப்பனத்தில் வந்த பசுவை நம்பி ஒரு சிநேகிதத்தைக் கெடுத்துக்கொண்டோமோ?

ஐந்தாம் நாள் ஒன்று தோன்றியது. அரிசி மூட்டை அசையாது. குழந்தை அசையும். தொட்டில் என்றால் ஆட்டுவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டு! ஒவ்வொரு ஆட்டுக்கும் வயர் இரும்புச் சட்டத்தின் மேல் வளைந்து நிமிரும். வளைந்தால்தானே அந்தச் செருப்பு உடைந்தது?

ஆட்டுக்கல் குழவியைக் கழுவித் துடைத்து ஒரு துண்டில் சுற்றித் தொட்டிலில் போட்டாள். பேர் வைக்கிற அன்று முதலில் குழவியைத்தான் தொட்டிலில் போடுவது அவள் பிறந்த ஊரில் வழக்கம். அதனால் பார்க்கிறவர்களுக்கு விநோதமாகவும் இருக்காது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அலமு பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்துவிட்டு, மை எடுத்துவந்து குழவிக்குக் கண் வரைந்து பொட்டும் வைத்தாள்.

ரேணுகாம்பாள் ஆட்டினாள். சமையல் ஆனதும் ஆட்டுவாள், வயர்க்கூடை பின்னும்போது காலால் ஆட்டுவாள். கல் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. மத்தியான வேளைகளில் அவள் தன்னை மறந்து தாலாட்டுக்கூட முனகினாள். கல்லுக்கும் தூக்கம் வருவது போலிருந்தது. இப்படி இரண்டு நாள் போயிற்று. தொட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் காலை அவள் மனம் ஏறக்குறைய விட்டுவிட்டது. இன்று சாயந்திரம் வரை ஆட்டுவது, அதற்குள் ஒன்றும் ஆகவில்லையென்றால் கழுவித் துடைத்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பாயம்மா கையைப் பிடித்துக்கொள்வது என்று தீர்மானித்தாள்.

அன்று மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. சைதுன் நின்றுகொண்டிருந்தாள்.

"குழந்தையை அம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன். மூணு நாளா ஜன்னல் வழியா பாத்துக்கினு இருக்குறேன். யாருக்கா அது தொட்டில்ல?"

"வந்து பாரு."

சைதுன் உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். கண் மை வைத்த குழவி அவளைப் பார்த்தது. அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். பிள்ளை பெற்ற உடம்பு, சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் வரப்பு இல்லை.

"எனக்குக் குடுக்க மனசில்லாமதான் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன்கா. கல்லை ஆட்டிக்கினு இருக்குறீங்களே, எதுக்கு?"

"பயந்தான். உன் குழந்தை விழுறதுக்குக் கல்லு விழட்டும்னு பாக்குறேன். ஆனா விழல சைதுன். நான்தான் தப்போ என்னவோ."

சைதுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள். ஏழு வருஷத்துக்கு முன் வயர் நீட்டியது போலவே கையை நீட்டினாள். ஒருத்தி தள்ள, மற்றவள் வாங்கித் திருப்பித் தள்ளினாள். பேச்சு மெதுவாக வந்தது. வாலாஜாபாத் வீட்டைப் பற்றிச் சொன்னாள். மாமியார் நல்லவள்தான், ஆனால் வீட்டில் யாரும் பாடுவதில்லை என்றாள். பாலாற்று மணல் காற்றில் வந்து சோற்றில் விழும் என்றாள். மசக்கையில் தனியாகப் படுத்திருந்த நாட்களில் கண்ணை மூடினால் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ நெளியும், உடனே தூக்கம் வந்துவிடும் என்றாள். ரேணுகாம்பாள் கேட்டுக்கொண்டே தள்ளினாள். பக்கத்து வீட்டில் தறி ஓடியது. வெளியே வெயில் வெள்ளையாக நின்றது, உள்ளே அரை இருட்டு. கல் போயிற்று, வந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை.

அப்போது ஒரு சின்னச் சத்தம். காய்ந்த விளக்குமாற்றுக் குச்சியை ஒடித்தது போல.

இருவரும் கையை நிறுத்தவில்லை. என்ன சத்தம் என்று மனசில் உறைப்பதற்குள் இன்னொன்று. பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல. வெளுத்த பக்கத்தில் சட்டத்தை ஒட்டிய வரிசை முழுவதும் ஒரு கோடாகத் திறந்துகொண்டது. குழவி துண்டோடு நழுவித் தரையில் இறங்கியது. அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. சிமெண்டுத் தரை உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது.

சைதுன் அந்த இடத்தையே பார்த்தாள். அவள் உதடு வெளுத்துவிட்டது. பிறகு எழுந்து சந்தைத் தாண்டி ஓடினாள். தூளியிலிருந்த குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தாள். குழந்தை தூக்கம் கலையாமல் வாயைச் சப்புக்கொட்டியது. பின்னாலேயே உம்முசல்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். கிழிந்த தொட்டிலையும் தரையையும் பார்த்தாள். ரேணுகாம்பாளின் தலையை இரண்டு கையாலும் தடவித் தன் நெற்றியில் விரல்களை மடக்கித் திருஷ்டி முறித்தாள்.

"என் மனசுல வேற என்னவோ நெனச்சிட்டேன்மா" என்றாள்.

"விடுங்க பாயம்மா."

சாயந்திரம் சனாவுல்லா பாய் வந்து அறுந்த வயர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வளைத்தார். ஒடிந்தது. நிறம் மாறாத பக்கத்திலிருந்து ஒன்றை வெட்டி வளைத்தார். அது ரப்பர் போலச் சுருண்டு நிமிர்ந்தது. இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் ரேணுகாம்பாள் கடைத்தெருப் பக்கம் போனபோது, கடை முகப்பில் எப்போதும் தோரணம் மாதிரி தொங்கும் வாளி, குடம், வயர்க் கட்டு ஒன்றும் இல்லை. எல்லாம் உள்ளே போயிருந்தது. முகப்பில் நனைத்த கோணிப் படுதா தொங்கியது. பாய் ஸ்டூலில் ஏறி நின்று தண்ணீர்க் குழாய்ச் சுருள்களை மேல் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒரு கட்டு வயரை எடுத்து நீட்டினார்.

"புதுசு. வெயிலு மூஞ்சியே பாக்காதது" என்றார்.

புதிய தொட்டிலுக்குச் சைதுன் இந்தத் தடவை வேறு நிறம் எடுத்தாள். கத்தரிப்பூ நிறமும் வெள்ளையும். நாற்பதாம் நாளுக்குள் முடியவில்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. முழுதாக ஒரு மாதம் பின்னினார்கள். ஒருத்தி முடிச்சுப் போட, ஒருத்தி வயர் நீட்ட, நடுவில் பாயில் குழந்தை கையைக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தது. வயரின் நிழல் அதன் வயிற்றின் மேல் ஓடும்போது பிடிக்கப் பார்க்கும். தொட்டில் முடிந்ததும் ரேணுகாம்பாள் பழைய பருத்திப் புடவை இரண்டை மடித்து, அதற்கு அடி முதல் விளிம்பு வரை ஓர் உறையும் தைத்தாள்.

இதற்குள் அவளுடைய பைத்தியம் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் கண் கூரை மேலும் கிணற்றடியிலும் போகும். வெயிலில் கிடக்கிற வாளியைத் தூக்கி நிழலில் கவிழ்ப்பாள். தோட்டக் குழாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைப்பாள். சைக்கிளை மரத்தடிக்குத் தள்ளுவாள். "இன்னா ரேணு, எங்களையும் நெழலுக்குத் தள்ளேன்" என்று நெசவுக்காரர்கள் கேலி செய்வார்கள். ஜெயம்மாள் மட்டும் கேலி செய்யவில்லை. ஒரு நாள் ஓசைப்படாமல் வந்து, மாடியில் இருந்த சாமான் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டதாகச் சொல்லி, முகத்தைப் பார்க்காமல் கண்ணைத் துடைத்தாள்.

"எலிக்குத்தான்பா பயந்தேன்" என்றாள்.

"நீ பத்திரமாத்தான் வச்ச ஜெயா. வெயிலும் ஆசையாத்தான் நக்கியிருக்குது" என்றாள் ரேணுகாம்பாள். ஜெயம்மாளுக்கு அது புரியவில்லை. இருந்தாலும் ஆறுதலாக இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு காலை சைதுன் வாலாஜாபாத்துக்குக் கிளம்பினாள். லியாகத் அலி அழைத்துப்போக வந்திருந்தான். துணைக்கு ரேணுகாம்பாளும் போனாள். தணிகாசலம் டிக்கெட் கொடுக்கும் பஸ். கூட்டம் அதிகம் இல்லை.

"தொட்டிலை டாப்புல போட்டுடட்டுமா?" என்று கேட்டான் லியாகத் அலி.

பஸ்ஸுக்குள் இருந்த மூன்று பேர் ஒரே குரலில் "வேணாம்" என்றார்கள். அவன் திகைத்துப் போனான்.

"டாப்பு பூரா வெயிலுபா. இந்தப் பக்கம் உக்காருங்க, வாலாஜாபாத் போற வரைக்கும் வலப்பக்கம் நெழலா இருக்கும்" என்ற தணிகாசலம் ஒரு கணம் தயங்கிவிட்டு, தொட்டில் கயிற்றை வாங்கி மேலே கைப்பிடிக் கம்பியில் மாட்டினான். இழுத்துப் பார்த்தான். "எதுக்கு மடியில வச்சிக்கினு? இதுலயே போடு."

பஸ் கிளம்பியது. தொட்டில் தானாக ஆட ஆரம்பித்தது. ஊர் தாண்டியதும் ஆடிக் காற்று ஜன்னல் வழியே வந்து உறையின் ஓரத்தை விசிறி போல அடித்தது. இரண்டு பக்கமும் வயல். டிரைவர் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு, ஹாரனை அடிக்காமலே மாட்டு வண்டிகளை ஒதுங்கிக் கடந்தார். தணிகாசலம் ஏறுகிறவர்களிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். ஒரு கிழவர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, காய்கறிக் கூடையை அலுங்காமல் இறக்கி வைத்தார். சைதுன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். லியாகத் அலியும் தூங்கினான்.

ரேணுகாம்பாள் மட்டும் விழித்திருந்தாள். குழந்தை கண்ணைத் திறந்து, தலைக்கு மேல் ஓடுகிற வேப்பமரங்களின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தது.